பாடாத அரங்கம்

அத்தியாயம் பதினேழு

சனிக்கிழமை காலையில் மாங்வொன் சந்தையில் இன்சூனின் கடை திறக்கவில்லை.

மழையோ பனியோ, ஏழு மணிக்கெல்லாம் ஷட்டர் மேலே போய்விடும் கடை அது. முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயும் கீரை வதக்கலும் வாங்க வந்தவர்கள், பூட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்து டோஃபு கடைக்காரரிடம் விசாரித்தார்கள். "அந்தம்மா பாட்டுக் கச்சேரிக்குப் போகுதாம்" என்றார் அவர். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சிரிக்கட்டும். அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும்.

இன்சூனின் வலது காது சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. இத்தனை காலமும் இடது காதை வைத்துத்தான் அவள் வாழ்க்கையை ஓட்டினாள். அந்த இடது காதின் நரம்பில்தான் இப்போது கட்டி. எடுத்தால் காது போகும், எடுக்காவிட்டால் உயிர் போகும் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். பின்னால் கருவி ஏதாவது பொருத்திப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதற்கு மட்டும் அவர் உறுதி கொடுக்கவில்லை.

அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் போன வாரம்தான் இன்சூன் மகள் தாரேயிடம் "சரி" என்றாள். வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

அந்த "சரி"யோடு இரண்டு நிபந்தனைகள் வந்தன. ஒன்று, அதற்கு முன்னால் பாடகி தோ யுன்சேயின் பாட்டை ஒரே ஒரு தடவை நேரில் கேட்டுவிட வேண்டும். இரண்டு, விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக, அக்கா போங்ஜாவுக்குத் தெரியவே கூடாது.

முதல் நிபந்தனையைத் தாரே நிறைவேற்றினாள். அது லேசான காரியமில்லை. தோ யுன்சே ஒன்பது வருஷம் கழித்து மேடை ஏறுகிறார். அதுவும் ஸ்டேடியத்தில் இல்லை, தேஹாங்னோவில் தரைக்குக் கீழே இருக்கும் ஒரு சின்ன நாடக அரங்கில். டிக்கெட் விற்பனை ஆரம்பித்த வேகத்தில் தீர்ந்துபோனது. ஆபீஸ் சிநேகிதிகளை எல்லாம் இன்டர்நெட் கடையில் வரிசையாக உட்காரவைத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் பட்டனைத் தட்டச் சொல்லி, தாரே எப்படியோ இரண்டு டிக்கெட் பிடித்துவிட்டாள்.

இரண்டாவது நிபந்தனையை அவள் மீறியிருந்தாள். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

*

"லிப்ஸ்டிக் எல்லாம் போட்டிருக்கே?"

"ஏன், நான் போடக் கூடாதா?"

"போடும்மா. மாப்பிள்ளை பாக்கப் போற மாதிரி இருக்கு, அதான் கேட்டேன்."

"அவங்க மேடையிலேருந்து பாத்தா, முள்ளங்கி நறுக்கிட்டு அப்படியே எழுந்து வந்தவ மாதிரி இருக்கக் கூடாதில்ல."

மெட்ரோவில் தாரே எப்போதும் அம்மாவின் இடது பக்கம்தான் உட்காருவாள். அப்படி உட்கார்ந்தும் ரயில் ஓடும்போது பேசிப் பிரயோஜனம் இல்லை. ஒருவர் தனியாகப் பேசினால் இன்சூனுக்கு இன்னும் நன்றாகவே கேட்கும். இரண்டு சத்தம் சேர்ந்துவிட்டால் போதும், எல்லாம் கூழாகிவிடும். அதனால் ஸ்டேஷனில் ரயில் நிற்கும் சமயம் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பாள். கதவு மூடி ரயில் கிளம்பிவிடும். அடுத்த ஸ்டேஷனில், "என்னடி, என்னமோ சொன்னியே?" என்று இன்சூன் கேட்பாள். அதற்குள் தாரேவுக்குத் தைரியம் போய்விடும். "ஒண்ணுமில்ல, குளிருதான்னு கேட்டேன்" என்பாள்.

இப்படியே தேஹாங்னோ வந்துவிட்டது.

அரங்கத்தின் முன்கூடத்தில் அரிசி மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பூ மாலைக்குப் பதிலாக ரசிகர் மன்றங்கள் பாடகியின் பெயரில் தானம் செய்யும் அரிசி. ஒவ்வொரு மூட்டைக்கும் பட்டு ரிப்பன் கட்டி, "திரும்பி வந்ததற்கு நன்றி", "எங்கள் இளமையே" என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். இன்சூன் ஒரு ரிப்பனைத் தொட்டுப் பார்த்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் அவள் வயதுக்காரர்கள். பள்ளிக்கூடப் பெண்கள் மாதிரி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்சூன்!"

நோர்யாங்ஜின் மீன் சந்தையில் முப்பது வருஷம் கூவிப் பழகிய குரல். முன்கூடமே திரும்பிப் பார்த்தது. போங்ஜா நல்ல கம்பளிக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பார்லி டீ ஃப்ளாஸ்க்கோடு நின்றாள்.

இன்சூனின் முகம் இறுகியது. அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"பாட்டுக் கேக்கத்தான். எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தானே இருக்கு!"

சொன்ன பிறகுதான் போங்ஜாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் வாய் எப்போதும் அவளைவிட இரண்டு அடி முன்னால் போகும். குடும்பத்தில் பாதிச் சண்டைகள் அதனால் வந்தவைதான்.

இன்சூன் மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள். தாரே அரிசி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"அம்மா..."

"யாருக்கும் சொல்லாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. என்னால முடியலம்மா. செவ்வாய்க்கிழமை அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல நான் தனியா எப்படிம்மா உக்காருவேன்? நீ உள்ள போயிடுவே. நான் யார் கையப் பிடிச்சுக்கறது?"

பதில் இல்லாதபோது கோபம் வரும், அது எல்லோருக்கும் உள்ளதுதானே.

"அதுக்கு இவதான் கெடச்சாளா? உங்கப்பனோட ரெண்டாங் கல்யாணத்துக்குப் போயி விருந்து நூடுல்ஸ் சாப்பிட்டு வந்தவ!"

"ஒரே ஒரு கிண்ணம்தான்டி சாப்பிட்டேன். அதுலயும் உப்பே இல்ல" என்றாள் போங்ஜா.

"உப்பு இருந்திருந்தா இன்னொரு கிண்ணம் கேட்டிருப்பே."

"அந்த மனுஷன் இவளுக்கு அப்பா. போகலேன்னா நாளைக்கு இவ கல்யாணத்துக்கு அவன் மூஞ்சியக் காட்டுவானா? அத யோசிச்சுத்தான் போனேன். நீ ஆறு வருஷமா அந்த ஒரு கிண்ணத்தையே கழுவிக்கிட்டிரு."

உள்ளே போகச் சொல்லி மணி அடித்தது. தாரே இரண்டு டிக்கெட்டையும் ஆளுக்கு ஒன்றாகக் கையில் வைத்தாள்.

"நான் வெளியில இருக்கேன். ரெண்டு பேரும் போங்க. வீட்டுக்கு வந்து என்னை எவ்வளவு வேணா திட்டிக்கோ."

திரும்பிப் போய்விடலாமா என்று இன்சூன் ஒரு கணம் நினைத்தாள். பிறகு, இவள் முகத்துக்காக நான் ஏன் என் பாட்டை விட வேண்டும் என்று தோன்றியது. அக்காவைப் பார்க்காமல் படி இறங்கினாள்.

*

அரங்கம் ஒரு பெரிய வகுப்பறை அளவுதான் இருந்தது. மூன்றாவது வரிசை. மேடைக்கும் அவர்களுக்கும் நடுவில் கை நீட்டினால் எட்டிவிடும் தூரம் மாதிரி இருந்தது.

போங்ஜா முதலில் இன்சூனுக்கு இடப்புறம்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே எழுந்தாள். "நகரு. நான் அந்தப் பக்கம் வரேன். இந்தக் காதுக்கு முன்னால நான் இருந்தா உனக்கு இடைஞ்சல்" என்று சொல்லி, முழங்கால்களை இடித்துக்கொண்டு வலப்புறம் மாறினாள். அக்காவுக்கு அது இன்னும் ஞாபகம் இருந்தது இன்சூனின் மனதை என்னவோ செய்தது.

விளக்கு மங்கியது. தோ யுன்சே வந்தார்.

போஸ்டர்களில் இடுப்பு வரை கூந்தலோடு இருந்தவர். இப்போது நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் மட்டுமா கிழவியாயிட்டேன்? அங்கேயும் நிறையக் கண்ணாடி மின்னுதே."

அரங்கம் சிரித்தது. இன்சூனும் சிரித்தாள். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

முதலில் புதுப் பாட்டுகள் பாடினார். யாருக்கும் வார்த்தை தெரியாத பாட்டுகள், அதனால் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். பதினாறு வயதில் ரேடியோவில் கேட்டு இன்சூன் மெய்மறந்து நின்ற அதே குரல் இவ்வளவு பக்கத்தில் பாடியது. இன்சூன் கழுத்தைக் கொஞ்சம் வலப்புறம் திருப்பி, இடது காதை மேடைக்குக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு பயமே இல்லாமல் ஒரு அரைமணி நேரம் போயிற்று.

பிறகு "படகுத்துறை" வந்தது.

அவள் அந்தப் பாட்டுக்காகத்தான் வந்தாள். புருஷன் விட்டுப் போன வருஷத்துக் குளிர்காலத்தில், கடையின் பின்பக்கம் நின்று முட்டைக்கோஸுக்கு உப்புப் போட்டபடி அவள் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு அது. துறையில் நிற்கிறேன், மழையும் நிற்கவில்லை, நீயும் வரவில்லை, பரவாயில்லை, எனக்கும் துடுப்புப் போடத் தெரியும் என்று போகும். அந்தக் கடைசி வரிக்காகவே இந்த ஊரில் எத்தனையோ பெண்கள் மறுநாள் காலை எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

கிடாரின் முதல் நான்கு சுரங்கள் விழுந்ததுமே அரங்கம் ஓவென்று ஆர்ப்பரித்தது. தோ யுன்சே சிரித்துக்கொண்டே மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

நம் ஊர் ரசிகர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. பிடித்த பாட்டைப் பாடகரோடு சேர்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பாடகர்கள்கூட அதைக் கேட்டுக் கண் கலங்கிப் போவார்கள். நாங்கள் மறக்கவில்லை என்று சொல்ல அதைவிட நல்ல வழி அவர்களுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருப்பவன் விருந்துக்கு வந்து சாப்பிடாமல் போகிறவன் மாதிரி. ஒன்பது வருஷம் தேக்கி வைத்த அன்பை அன்று அவர்கள் தொண்டை கிழியக் கொட்டினார்கள்.

இன்சூனின் காதில் அது மாவு மில்லுக்குள் நிற்பது போல இரைந்தது. அவளுக்குப் பாட்டு கேட்கவில்லை, வார்த்தையும் கேட்கவில்லை. தோ யுன்சேயின் உதடுகள் அசைந்தன. அந்தக் குரல் எங்கேயோ இரைச்சலுக்கு அடியில் இருந்தது. கையைக் குவித்துக் காதில் வைத்தாள். முன்னால் சாய்ந்தாள். இரைச்சல்தான் பெரிதாயிற்று. பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இனி இது திரும்ப வராது என்று நினைத்தபோது அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

போங்ஜா அதைப் பார்த்துவிட்டாள்.

"நிறுத்துங்க!"

பாடுகிற கூட்டத்துக்கு மேலே அந்தக் குரல் எழுந்தது. மீன் ஏலத்தையே அடக்குகிற குரல். "யாரும் பாடாதீங்க! கொஞ்சம் வாயை மூடுங்க எல்லாரும்!"

பாட்டு அறுந்தது. மேடையின் பின்பக்கம் இருந்த டிரம்ஸ்காரர் கோலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, உங்களுக்கு என்ன பிரச்சனை? உக்காருங்க!" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"ஒன்பது வருஷம் காத்துக்கிட்டு இருந்து வந்திருக்கோம். கலாட்டா பண்ண வேற எடம் கெடைக்கலையா?" என்றாள் ஒரு பெண்.

இன்சூன் அக்காவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு. அக்கா, மானம் போகுது, உக்காரு!"

போங்ஜா உட்காரவில்லை.

"நீங்க எல்லாரும் நல்லாத்தான் பாடறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா என் தங்கச்சி அவங்க பாடுறதக் கேக்க வந்திருக்கா. செவ்வாய்க்கிழமை இவளுக்கு ஆபரேஷன். அதுக்கப்புறம் இவளுக்குக் காது கேக்காது. ஒண்ணுமே கேக்காது. ரெண்டு சத்தம் சேந்தா இப்பவே புரியாது. இந்த ஒரு பாட்டு... இதுக்கு மட்டும்..."

அதற்கு மேல் அந்தக் குரலும் உடைந்துவிட்டது.

எல்லா முகங்களும் இன்சூன் பக்கம் திரும்பின. இதைத்தான் அவள் வேண்டாம் என்றாள். ஐயோ பாவம் என்கிற அந்தப் பார்வையைத் தவிர்க்கத்தான் சந்தையில் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

தோ யுன்சே கிடாரோடு எழுந்து மேடையின் விளிம்புக்கு வந்தார்.

"உங்க பேரு என்னம்மா?"

"இன்சூன்" என்றாள் தலையைத் தூக்காமல்.

"எந்தக் காது, இன்சூன்?"

அவள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். பாடகி தன் ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். மற்ற வாத்தியக்காரர்களிடம் வாசிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் எனக்காக ஒரு உதவி பண்ணுங்க. இந்தப் பாட்டை இன்னைக்கு நான் மட்டும் பாடறேன்" என்றார்.

*

அப்படி ஒரு அமைதியை அந்த அரங்கம் அதற்கு முன் கண்டிருக்காது. யாரும் இருமக்கூட இல்லை.

இன்சூன் எல்லாவற்றையும் கேட்டாள். விரல் நரம்பில் வழுக்கும் சத்தத்தைக் கேட்டாள். வரிக்கு முன்னால் அந்த அம்மாள் மூச்சு இழுப்பதைக் கேட்டாள். முன்பெல்லாம் வழுவழுவென்று ஏறும் மேல் சுரத்தில் இப்போது வயதின் சின்ன கரகரப்பு இருந்தது. ரெக்கார்டில் இருந்ததைவிட அது அவளுக்குப் பிடித்தது. போதும், இது போதும் என்று மனசு சொன்னது. செவ்வாய்க்கிழமையைக்கூட அப்போது அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

கடைசிச் சரணம் வந்தபோது அவள் கண்ணைத் திறந்து, நன்றி சொல்வது போல, சுற்றிலும் பார்த்தாள்.

எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சத்தமில்லாமல் பாடினார்கள். சின்ன வயதிலிருந்து பாடிப் பழகிய பாட்டு, உதடு சும்மா இருக்குமா? எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்து மூடின. கண்களில் நீர், முகங்களில் சிரிப்பு. ஒரு வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை.

இன்சூனுக்கு உடம்பு சில்லிட்டது.

வலப்பக்கம் திரும்பினாள். அக்காவின் உதடும் அசைந்தது. பிறந்ததிலிருந்து மெதுவாக ஒரு வார்த்தை பேசியறியாத போங்ஜா, அவள் முகத்துக்கு நேராக, ஓசையில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாடு" என்றாள் இன்சூன். "சத்தமாப் பாடு."

போங்ஜா அன்போடு தலையை ஆட்டி மறுத்தாள். உதட்டின் மேல் விரலை வைத்து, கேள் என்று மேடையைக் காட்டினாள்.

"பாடு அக்கா. தயவுசெஞ்சு பாடு."

போங்ஜா தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் பாடவில்லை. கூட்டத்தில் யாருமே பாடவில்லை.

*

வெளியே இன்னும் வெயில் இருந்தது. தெருவெல்லாம் கிங்கோ மரத்து மஞ்சள் இலைகள். சுட்ட கஷ்கொட்டைப் பொட்டலத்தோடு நின்றிருந்த தாரே, இருவரும் கை கோத்துக்கொண்டு படியேறி வருவதைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு. ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு."

"உங்கம்மாவுக்காக அவங்க எழுந்து பக்கத்துல வந்து பாடினாங்கடி!" என்றாள் போங்ஜா. ஆறு வருஷத்துச் சண்டையை ஒரே பாட்டில் தீர்த்துவிட்ட பெருமை அவள் முகத்தில் வழிந்தது. "நான் ஒரு சத்தம் போட்டேன் பாரு, அரங்கமே கப்சிப். அப்புறம் கடைசி வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறந்து..."

அம்மாவின் முகத்தைப் பார்த்த தாரே, பெரியம்மாவின் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"ஏம்மா இப்படி நடுங்கறே? குளிருதா?"

இன்சூன் மகளின் முகத்தையே பார்த்தாள். அந்த வாயைப் பார்த்தாள். தெருவில் யாரோ சிரிப்பதும், கஷ்கொட்டைக்காரர் கூப்பிடுவதும், எங்கேயோ ஒரு நாய் குரைப்பதும் கலந்து கலங்கலாக வந்துகொண்டிருந்தன. அந்தக் கலங்கலையும் அவளுக்கு விட மனசில்லை.

"தாரே, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு."

"எதுக்கும்மா?"

"செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் நீங்கள்லாம் எப்படி இருப்பீங்கன்னு இப்பப் பாத்துட்டு வந்துட்டேன். நான் வரலேன்னு சொல்லிடு."